பீகார் மகளிர் குழுக்கள்: கடன் கிடைத்தது, சந்தை கிடைக்குமா?

பாட்னா: பீகாரில் 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குகளில் தலா 10,000 ரூபாய் வீதம் 7,500 கோடி ரூபாய் 2025 செப்டம்பர் 26 அன்று செலுத்தப்பட்டது. முதலமைச்சரின் மகளிர் வேலைவாய்ப்புத் திட்டம் என்ற இத்திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்ததால், தேர்தல் கண்ணோட்டத்திலேயே அது பெரிதும் விவாதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் தொழில் தொடங்கும் பெண், தனது பொருளை யாரிடம் விற்பார் என்பது அப்போது அதிகம் பேசப்படவில்லை.

இத்திட்டம் 'ஜீவிகா' சுய உதவிக் குழுக்கள் வழியாகச் செயல்படுத்தப்படுகிறது. உலக வங்கி உதவியுடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஆறு மாவட்டங்களில் தொடங்கிய ஜீவிகாவில் இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாரந்தோறும் கூடி, ஆளுக்குப் பத்து ரூபாய் சேமித்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வதுதான் அடிப்படை. கணக்கு அனைவர் முன்னிலையிலும் எழுதப்படுகிறது. ஒருவர் தவணை தவறினால் மற்றொருவருக்கான கடன் தள்ளிப்போகும். வங்கிகள் அடமானமின்றிக் கடன் தருவது இந்த ஒழுங்கை நம்பியே. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய சோதனை முயற்சியிலிருந்து வளர்ந்த குழு இயக்கம், நாடு முழுவதும் சுமார் 10 கோடி பெண்களை எட்டியிருக்கிறது.

ஆனால், குழுக் கடனுக்கு ஓர் எல்லை உண்டு. பன்னிரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளும் தொகையில் ஆடு வாங்கலாம், மருத்துவச் செலவைச் சமாளிக்கலாம்; மாவு அரைக்கும் இயந்திரம் வாங்க அது போதாது. அந்த இடைவெளியில்தான் நுண்நிதி நிறுவனங்கள் 18 முதல் 24 சதவீத வட்டியுடன் நுழைகின்றன. நுண்கடன் நிலுவை அதிகமுள்ள மாநிலங்களின் முன்வரிசையில் பீகாரும் தமிழகமும் இருக்கின்றன. இதற்கு மாற்றாக 'ஜீவிகா நிதி' கூட்டுறவுக் கடன் சங்கம் செப்டம்பர் 2 அன்று 105 கோடி ரூபாயுடன் தொடங்கப்பட்டது.

வட்டி குறைந்தால் மட்டும் வியாபாரம் பெருகிவிடாது. ஒரே ஊரில் ஐம்பது பெண்கள் தலா 10,000 ரூபாயில் பெட்டிக்கடை வைத்தால், வாங்கும் கை பழைய எண்ணிக்கையில்தான் இருக்கும்.

இதற்கான விடையை ஜீவிகாவே ஓரளவு காட்டியிருக்கிறது. 2018-ல் ஹாஜிபூர் அரசு மருத்துவமனையில் 'தீதி கி ரசோய்' என்ற உணவகத்தைக் குழுப் பெண்கள் தொடங்கினர். 'அக்காவின் சமையலறை' என்பது அப்பெயரின் பொருள். கேரளத்தின் குடும்பஸ்ரீ இயக்கம் இதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் அளித்தது. உள்நோயாளிகளுக்கான உணவை மருத்துவமனையே வாங்கிக்கொள்வதால், நாள்தோறும் எத்தனை தட்டு விற்கும் என்பது சமைப்பதற்கு முன்பே தெரியும். பின்னர் இம்முறை பிற மாவட்ட மருத்துவமனைகளுக்கும் பரவியது. ஒரே வாடிக்கையாளரை, அதிலும் அரசை, நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு: பட்டியல் தொகை தாமதமானால் அடுப்பு எரிவது கடினம்.

புதிய திட்டத்தில், ஆறு மாதங்களுக்குப் பின் தொழில் மதிப்பிடப்பட்டு, தேவைப்படுவோருக்கு 2 லட்சம் ரூபாய் வரை கூடுதல் உதவி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. விற்பனைக்காகக் கிராமச் சந்தைகள் மேம்படுத்தப்படும் என்ற உறுதியும் அதே அறிவிப்பில் இடம்பெற்றிருந்தது. உதவிக்குத் தொகையும் கால அளவும் குறிப்பிட்ட அரசு, சந்தைக்கு அவற்றைக் குறிப்பிடவில்லை.