அந்தச் சின்னத் துளை

ஃப்ரிட்ஜில் காய்கறி ட்ரேயைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உடனே பலர் ‘கேஸ் போயிடுச்சு’ என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். கேஸ் குறைந்தால் முதலில் போவது குளிர்ச்சி. பால் கெடாமல், தண்ணீர் பாட்டில் ஜில்லென்று இருந்தால், பெரும்பாலும் அடைத்திருப்பது வடிகால்தான். உருகும் பனி ஒரு சிறு துளை வழியே இறங்கி, பின்னால் கம்ப்ரசர் பக்கமுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிட வேண்டும். கொத்தமல்லித் தழையும் கறிவேப்பிலையும் துளையை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே திரும்பும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் இந்தத் துளை பெரும்பாலும் பின்சுவரிலேயே தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்தினாலே வழி திறந்துவிடும். டபுள் டோரில் அது ஃப்ரீசரின் பின் பலகைக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மெக்கானிக் வரட்டும். கதவு ரப்பரையும் பாருங்கள்: சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் அது தளர்ந்தால் உள்ளே நீர் கோத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பனியைக் கத்தியால் குத்தவே குத்தாதீர்கள். அலுமினியக் குழாயில் ஓட்டை விழுந்தால் உண்மையாகவே கேஸ் போய்விடும். புது ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது. வடிகால் அடைப்பை நீக்குவது என்ற இவ்வளவு எளிய விஷயத்தை விற்பனையின்போதே ஒருவர் காட்டித் தர வேண்டும். ஃப்ரிட்ஜை இறக்கி வைக்க வருபவர் அந்தத் துளை எங்கே என்று சொல்வதைக் கம்பெனிகள் கட்டாயமாக்க வேண்டும்.