சமநிலை என்றால் சரிபாதி அல்ல

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை மூலக்கூறுகளைக் கலந்து விட்டால் சமநிலையில் இரண்டும் சரிபாதியாகிவிடும். ஆகவே நம் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் மட்டுமே கட்டப்பட்டிருப்பதற்கு வெளியிலிருந்து யாரோ தலையிட்டிருக்க வேண்டும். மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாதம் இது. சமநிலை என்ற சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டதில் பிறந்த வாதம்.

வேப்பூர்க் கூட்டுரோட்டிலிருந்து விருத்தாசலம் போய், அங்குள்ள பீங்கான் சூளை ஒன்றின் முன் நின்று பாருங்கள். குவார்ட்ஸ் தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் சேர்ந்தால் சுமார் 990 டிகிரியிலேயே முதல் உருகல் தோன்றும். திடப்பொருள் இரண்டும் மிச்சமிருக்கும்வரை அந்த உருகலின் சேர்மானம் மாறாது. மாவில் குவார்ட்ஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் உருகலின் அளவுதான் மாறும். இதுதான் யூடெக்டிக். பீங்கான் படிப்பவர்களுக்கு இது பாலபாடம்.

இதே விதி அமினோ அமிலத்துக்கும் பொருந்தும். செரின் என்னும் அமினோ அமிலத்தின் இரு கைகளும் ஒன்றுக்கொன்று இணைந்து சமக்கலவைப் படிகமாகின்றன. மிஞ்சும் கை தனிப்படிகமாகிறது. இந்த இரு திடங்களும் நீரோடு சமநிலையில் இருக்கையில், வெப்பமும் அழுத்தமும் நிலையாக இருந்தால், கிப்ஸின் நிலைவிதிப்படி கரைசலின் சேர்மானத்துக்கு மாறும் உரிமையே இல்லை. 2006-இல் டோனா பிளாக்மண்ட் குழு அளந்து காட்டியது இதைத்தான்: மொத்தத்தில் ஒரு கை ஒரு சதவீதம் மிகுந்திருந்தாலே போதும், கரைசலில் அதன் மிகுதி 99 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு கையை உயர்த்திக் கொடுத்தது சமநிலைதான்.

அப்படியானால் சிறு மிகுதி எங்கிருந்து வந்தது என்பார்கள். தற்செயலாகவே வரலாம். சோடியம் குளோரேட்டுக்குக் கரைசலில் கை கிடையாது, படிகமானால்தான் உண்டு. அசையாமல் வைத்தால் இருவகைப் படிகமும் ஏறக்குறையச் சமமாக வரும். 1990-இல் திலீப் கொண்டெபுடியும் கூட்டாளிகளும் அதைக் கலக்கிக்கொண்டே படியவிட்டார்கள். ஒரு பாத்திரத்தில் கிட்டத்தட்ட எல்லாம் இடம், இன்னொன்றில் கிட்டத்தட்ட எல்லாம் வலம். முதலில் பிறந்த படிகம் உடைந்து தன் குஞ்சுகளைக் கரைசலெங்கும் சிதறவிட்டது.

"பிறகு கலந்தால் மறுபடி சமமாகிவிடுமே?" என்பது அடுத்த கேள்வி. 2005-இல் கிறிஸ்டோபால் வியெட்மா சோடியம் குளோரேட்டின் இரு கைப் படிகங்களையும் கலந்து, கரைசலுக்குள்ளேயே கண்ணாடி மணிகளால் அரைத்தார். நம் ஊர்ப் பால்மில்லில் உருண்டைக் கற்கள் செய்கிற அதே வேலை. முடிவில் எல்லாம் ஒரே கை ஆனது. சிறு துகள் எளிதில் கரைகிறது. கரைந்ததும் கையை இழந்து, பெரிய படிகத்தின் கையில் போய்ச் சேர்கிறது. ஓயாமல் அரைக்கச் செலவாகும் ஆற்றல் இருப்பதால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதற்கு எதிராக நிற்பதில்லை.

வெளித் தலையீடு தேவையில்லை என்னும் நம் பக்கத்தாரும் மிகைப்படுத்தக் கூடாது. திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் இரு கைகளும் தனித்தனிப் படிகங்களாகின்றன; இரண்டும் இருக்கும்வரை கரைசல் சரிபாதியாகவே நிற்கிறது, பெருக்கம் பூஜ்யம். செரின் கரைசலிலும் புதிதாக ஒரு இடக்கை மூலக்கூறுகூட உண்டாகவில்லை. வலக்கை ஏறக்குறைய முழுதாகச் சமக்கலவைப் படிகத்தில் அடைபட்டிருக்கிறது. அந்த மிகுதி பயன்பட வேண்டுமானால், திடத்தை வடித்துவிட்டுக் கரைசலை வேறிடம் கொண்டுபோக ஒரு ஓடை தேவை.