உவீராவில் யார் காவல்?

2025 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில், அமெரிக்க அதிபர் டிரம்ப் முன்னிலையில், காங்கோ அதிபர் சிசெகெடியும் ருவாண்டா அதிபர் ககாமேயும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அடுத்த சில நாள்களிலேயே எம்23 கிளர்ச்சிப் படை கிழக்குக் காங்கோவின் உவீரா நகருக்குள் புகுந்தது. கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு மக்கள் புருண்டி எல்லையை நோக்கி ஓடினார்கள்.

எம்23 அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட தரப்பே அல்ல. அதனுடனான பேச்சு தனியாகக் கத்தாரில் நடந்தது. அந்தப் படைக்கு ருவாண்டாவின் துணை இருப்பதாக ஐ.நா. நிபுணர்கள் சொல்கிறார்கள், ருவாண்டா மறுக்கிறது. வாஷிங்டனில் அமைதியோடு சேர்த்துக் கனிமங்களும் பேசப்பட்டன. கைப்பேசிக்குத் தேவையான கோல்டான் கிடைக்கும் ரூபாயா சுரங்கம் 2024 முதல் எம்23 வசம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு எதில் அவசரம் என்பது விளங்கும்.

நடுவர் அமெரிக்காவா, கத்தாரா, ஐ.நா.வா என்பதல்ல நம் கேள்வி; ஊரில் மக்களைக் காப்பது யார் என்பதே. ஐ.நா. படை காங்கோவில் கால் நூற்றாண்டாக இருக்கிறது. அது தங்களைக் காக்கவில்லை என்ற ஆத்திரத்தில் 2022 ஜூலையில் மக்கள் அதன் முகாம்களைத் தாக்கினார்கள். அப்போது புட்டெம்போவில், ஐ.நா. படையில் பணியாற்றிய நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். உவீரா இருக்கும் தென் கிவு மாகாணத்திலிருந்து 2024 ஜூனிலேயே ஐ.நா. படை வெளியேறிவிட்டது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப எந்த ஏற்பாடும் இல்லாமல் தலைநகரங்களில் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

வேறு வழி இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் கென்யாவின் வஜீரில் சோமாலிக் குலங்கள் மோதிக்கொண்டன. எதிர்க்குலத்துப் பெண்ணுக்குச் சந்தையில் பொருள் விற்க மாட்டார்கள். டெக்கா இப்ராஹிம் அப்தியும் வேறு சில பெண்களும் அந்தச் சந்தையில்தான் வேலையைத் தொடங்கினார்கள். எந்தக் குலத்தவரும் வாங்கலாம், விற்கலாம் என்று பேசி முடித்து, அது நடக்கிறதா என்று பார்க்கப் பெண்களையே அமர்த்தினார்கள். பிறகுதான் பெரியவர்களையும் இளைஞர்களையும் அரசு அதிகாரிகளையும் ஒரே குழுவுக்குள் கொண்டுவந்தார்கள். சந்தையில் தக்காளி விலை பேசும் இடத்திலிருந்து சமாதானம் மேலே ஏறியது. பின்னாளில் கென்யா மாவட்டந்தோறும் அமைதிக் குழுக்களை அமைத்தபோது வஜீர்தான் முன்மாதிரி.

காங்கோ வஜீர் அல்ல; சந்தைப் பெண்களால் பீரங்கியைத் தடுக்க முடியாது. ஆனால் துப்பாக்கிச் சூடு எங்கே தொடங்கியது, எந்தச் சாலை அடைபட்டது என்று முதலில் தெரிவது உள்ளூர்க்காரர்களுக்குத்தான். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழுவில் அவர்களுக்கு இடமும் சம்பளமும் பாதுகாப்பும் வேண்டும். அதைத் தராமல் உடன்பாடு என்று பெயர் வைப்பது ஊரை ஏமாற்றும் வேலை.

ஐ.நா. அமைதிப் பணிக்கான பணத்தைப் பணக்கார நாடுகள் குறைத்துவரும் நேரம் இது. ஐ.நா.வின் அமைதிக் கட்டமைப்பு ஆணையத்தில் இந்தியா உறுப்பினர். வீரர்களை அனுப்பி, உயிரிழப்பையும் தாங்கிய நாடு. இனி எந்த உடன்பாட்டுக்கும் ஆதரவு கேட்டு வருபவர்களிடம், அந்த ஊரில் கண்காணிப்பது யார், அவர்களுக்கான பணம் எங்கே என்று இந்தியா முதலில் கேட்க வேண்டும்.