கடப்பாரை வருமுன்னே காலியான ஊர்

பெல்ஜியத்தின் வடபகுதியில், டச்சு மொழி பேசும் ஃப்ளாண்டர்ஸில், நெதர்லாந்து எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் டூல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஷெல்ட் நதியின் இடது கரையில், உயரமாகக் கரைகட்டி, தண்ணீரிலிருந்து மீட்டெடுத்த நிலத்தில் அமைந்த ஊர். சதுரங்கப் பலகை போல நேர்நேரான தெருக்கள். 17-ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு அமைத்தவை. கரைமேல் அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு காற்றாலை, மாவரைக்கக் கட்டியது.

1970-களில் அங்கே ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிற்பாடு மிஞ்சியவர்கள் இருபது சொச்சம். போர் வரவில்லை, வெள்ளம் வரவில்லை, கொள்ளைநோயும் வரவில்லை. "துறைமுகம் வரப்போகிறது" என்ற பேச்சுதான் வந்தது.

ஆன்ட்வெர்ப் ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய துறைமுகம். அது வளர வளர ஊர்களை விழுங்கியே வளர்ந்தது. நதியின் வலது கரையில் வில்மார்ஸ்டாங்க், ஓர்டரன், ஓஸ்டர்வேல் என்ற ஊர்கள் 1950, 60-களில் மறைந்தன. வில்மார்ஸ்டாங்கின் தேவாலயக் கோபுரம் மட்டும் துறைமுகத்தின் நடுவே இன்றும் தனியாக நிற்கிறது. பிறகு இடது கரையின் முறை வந்தது.

1960-களின் கடைசியிலிருந்தே டூல் மக்களின் தலைக்குமேல் கத்தி தொங்கியது. ஊர் போகும் என்றார்கள், பிறகு இருக்கும் என்றார்கள், மறுபடி போகும் என்றார்கள். 1990-களின் இறுதியில், இனி இது குடியிருப்புக்கு உரிய இடமல்ல என்று ஃப்ளாண்டர்ஸ் அரசு முடிவு செய்தது. டூர்கான்க் என்ற பெரிய கப்பல் துறை ஊருக்கு அருகிலேயே 2005-இல் திறக்கப்பட்டது. அதையடுத்து வெட்ட நினைத்த இன்னொரு துறை வந்திருந்தால் ஊரே இருந்திருக்காது. 2008-இல் பல வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். வழக்கு, தடை, புதிய திட்டம், மறுபடி வழக்கு என்று வருடங்கள் ஓடின. கடைசியில் 2022-இல், டூல் இருக்கட்டும் என்று அரசே ஒப்புக்கொண்டது.

நல்ல முடிவுதானே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு ஊரை அழிக்க இயந்திரம் வேண்டாம், நிச்சயமின்மை போதும். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? எந்தக் கடைக்காரர் முதல் போடுவார்? பிள்ளை குட்டிக்காரர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்புவார்கள். பிள்ளைகள் போனால் பள்ளிக்கூடம் போகும், பள்ளிக்கூடம் போனால் மிச்சமும் போகும். டூலில் நடந்தது இதுதான். காலியான வீடுகளில் கண்ணாடி உடைந்தது, சுவர்களில் ஓவியர்கள் படம் வரைந்தார்கள், 'பேய் ஊர்' பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். "ஆளே இல்லாத ஊருக்கு இத்தனை வாதமா?" என்று கேட்பதும் அப்போது சுலபமாகிவிட்டது. ஆளை விரட்டிய பிறகு ஆள் இல்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டூலின் எல்லையிலேயே நான்கு உலைகள் கொண்ட அணுமின் நிலையம் 1970, 80-களில் வந்தது. அதன் இரண்டு பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும். அந்த உலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களை வெளியேற்றியது கட்டப்படாத ஒரு கப்பல் துறை.

துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரமாயிரம். நாட்டுக்கு ஒரு நிலம் தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று சொல்ல வேண்டும். எடுப்பதாக இருந்தால் இந்தத் தேதிக்குள் எடுக்கிறோம், இதுதான் விலை, இதுதான் மாற்றிடம் என்று சொல்லட்டும். அந்தத் தேதி தாண்டினால் திட்டம் ரத்து என்று சட்டமே சொல்லட்டும். நாற்பது, ஐம்பது வருடம் மக்களை வாசற்படியில் நிறுத்தி வைக்கும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது. முப்பது வயதில் அந்தப் பேச்சைக் கேட்டவர் தீர்ப்பு வரும்போது கிழவர். அந்த வருடங்களுக்கு எந்த அலுவலகத்திலும் நஷ்டஈட்டுப் படிவம் இல்லை.

இப்போது டூல் பிழைத்துவிட்டது. தெருக்கள் இருக்கின்றன, காற்றாலை இருக்கிறது. வீடுகளைப் பழுது பார்க்கலாம், புதிய குடும்பங்களும் வரலாம். வரவேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் எதிர்வீட்டில் யார் இருந்தார், யார் யாருக்கு என்ன உறவு, யார் வீட்டுக் கல்யாணம் எப்போது நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேறு ஊர்களில் சிதறிப்போய்விட்டார்கள். அந்த வருடங்களைத் தாக்குப்பிடித்து அங்கேயே இருந்த இருபது சொச்சம் பேரை முதலில் கேட்டுவிட்டு, மற்ற திட்டங்களைப் போடட்டும்.