சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு ஸ்பானிய மொழி எதற்கு?

அமெரிக்காவிலே மேற்கு வர்ஜீனியா என்றொரு ராஜ்யம் உண்டு. நிலக்கரிச் சீமை. 1921-ல் பிளேர் மலையில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர் சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்தி நின்ற மண் அது.

அந்த ராஜ்யத்தின் சர்வகலாசாலையில் 2023 செப்டம்பரில் கத்தி விழுந்தது. 28 படிப்புகள் ஒழிந்தன. 143 ஆசிரியர் பதவிகள் பறிபோயின. அயல்மொழித் துறை அடியோடு கலைக்கப்பட்டது. ஸ்பானிய மொழியையும் இலக்கியத்தையும் படித்துப் பட்டம் பெறும் வழி அடைபட்டது. ஸ்பானியமும் சீனமும் ஓரளவு சொல்லிக் கொடுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

காரணம் என்ன? 4 கோடியே 50 லட்சம் டாலர் பற்றாக்குறையாம்! மொழிப் படிப்புக்கு மாணவர் வருவதில்லையாம்!

நாம் கேட்கிறோம்: பற்றாக்குறையை உண்டாக்கியது யார்? பாடம் சொன்ன வாத்தியாரா? படிக்க வந்த பிள்ளையா? மானியத்தைச் சுருக்கியது ராஜ்ய சர்க்கார். கடன் வாங்கிக் கட்டிடம் எழுப்பியது நிர்வாகம். தண்டனை மட்டும் வாத்தியாருக்கும் மாணவனுக்கும்!

இந்தச் சர்வகலாசாலை 1867-ல் பிறந்தது. 1862-ல் வந்த ஒரு சட்டமே அதற்கு ஆதாரம். உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியோடு கலைக்கல்வியும் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். தொழிற்கல்வி மட்டுமல்ல, இரண்டும்! அந்த வாக்கைத்தான் இன்று காற்றில் பறக்கவிட்டார்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹார்வர்டிலே 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பானிய இலக்கியத்துக்குப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அங்கே அது பண்பாடு. சுரங்கத் தொழிலாளியின் மகன் கேட்டால் மட்டும் ஏட்டுச் சுரைக்காயா?

ஸ்பானியம் யாருடைய மொழி? அமெரிக்க வயல்களில் பழம் பறிக்கும் கூலித் தொழிலாளரில் பெரும்பகுதியினரின் மொழி. 1965-ல் கலிபோர்னியாவில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலை நிறுத்தத்தைத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் ஸ்பானியம் பேசும் மெக்சிக்கத் தொழிலாளரும் கை கோத்தார்கள். ஐந்தாண்டு போராடி 1970-ல் முதலாளிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். மொழி வேறானவர்கள் பேசிக்கொண்டால் முதலாளிக்கு ஆபத்து. பேச முடியாமல் நின்றால் அவனுக்கு லாபம்.

ஸ்பானியம் கொள்ளைக்காரன் மொழி அல்லவா என்று சில தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492-ல் நெப்ரிஹா என்ற பண்டிதர் ஸ்பானிய இலக்கணத்தை எழுதி ராணியின் காலடியில் வைத்தார். மொழி சாம்ராஜ்யத்தின் துணை என்று முகவுரையிலே சொன்னார். ஆனால் அதே மொழியில் விடுதலைப் பிரகடனங்கள் பிறந்தன. நெரூடா பாடினார். 1961-ல் கியூபாவிலே ஏறக்குறைய ஒரு லட்சம் இளைஞர் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். ஓராண்டில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். அரிவாள் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே எந்தப் படிப்பு என்பதையும் நாம் கேட்கிறோம். மாளிகையும் மாட்டுச் சண்டையும் மட்டுமே ஸ்பானியப் பண்பாடு அல்ல. 1928-ல் கொலம்பியாவில் யுனைடெட் புரூட் கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டுத் தள்ளியது. அந்த ரத்தத்தை உலகம் மறக்கவிடாமல் செய்தது கார்சியா மார்க்வெஸின் 1967-ம் ஆண்டு நாவல். அதை மூலத்திலே படிக்கும் தொழிலாளியின் மகன் தன் வர்க்கத்தின் கதையையே படிக்கிறான்.

மேற்கு வர்ஜீனியா மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிக் குரல் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் பெரும்பான்மை வாக்கில் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நிர்வாகக் குழு காது கொடுக்கவில்லை.

ஆலைத் தோழர்களே! வயலில் பாடுபடும் தோழர்களே! கூலிக்காரனுக்குக் கை போதும், நாக்கு வேண்டாம் என்பதே இந்த வெட்டின் தத்துவம். கைக்கு வேலையும் வேண்டும், அறிவுக்கு உலகமும் வேண்டும். இரண்டையும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடமாட்டோம்!