இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நாலாயிரம் ரூபாய்ப் பொருளை வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறோம். இருநூற்றைம்பது ரூபாய்க் கூலி கேட்டால் மட்டும், "நூறு வாங்கிக்கப்பா" என்கிறோம். இது நியாயமில்லை. ஒரு பைக் கண்ணாடியை வைத்தே சொல்கிறேன்.

என் தங்கை மகன் பூந்தமல்லியிலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறான். எதிர்க்காற்றுக்கும் தூசிக்கும் முன்னால் பெரிய விண்ட்ஷீல்டு மாட்டியிருக்கிறான். அதைத் தாங்கும் நான்கு கிளாம்புகளில் ஒன்று முறிந்துவிட்டது. வாங்கிய இடத்தில் கேட்டால், கிளாம்பு தனியாக வராதாம். முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும், நாலாயிரத்துச் சொச்சம், வருவதற்குப் பத்து நாள். "இன்னும் மூணு இருக்கே மாமா, சமாளிச்சுக்கலாம்" என்றான் பிள்ளை.

சமாளிக்க முடியாது. என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். ஒன்றரை சதுர அடிக் கண்ணாடியை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று சுமார் ஒரு கிலோ எடை அளவுக்குத் தள்ளுகிறது என்றால், 80 கி.மீ. வேகத்தில் நாலு கிலோவுக்கு மேல் தள்ளும். பக்கத்தில் கன்டெய்னர் லாரி கடக்கும்போது அந்த விசை திடீரென்று கூடும், குறையும். ஒரு மூலை ஆடினால் மற்ற மூன்றும் சேர்ந்து ஆடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல அவையும் முறியும். அவுட்டர் ரிங் ரோட்டில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்தால் என்ன ஆகும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்தவர் விலை சொல்லவில்லை. "இது ஏன் ஒடஞ்சுது சார்?" என்றுதான் முதலில் கேட்டார். நான்கு கிளாம்பையும் கழற்றினார். மூன்றில் ரப்பர் புஷ் இருந்தது, முறிந்ததில் இல்லை. எங்கோ சர்வீஸில் கழற்றியவர்கள் அதைத் திரும்பப் போடாமல் போல்ட்டை இறுக முடுக்கிவிட்டிருக்கிறார்கள். இன்ஜினின் அதிர்வு முழுவதும் அந்த ஒரு மூலையில் இறங்கியிருக்கிறது. "புதுசு வாங்கி இதே மாதிரி மாட்டியிருந்தா, அதுவும் இங்கதான் சார் ஒடையும்" என்றார்.

பிறகு மூன்று எம்எம் ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றை வெட்டி, வைஸில் பிடித்து, பழைய கிளாம்பின் கோணத்துக்கு வளைத்தார். துளை போட்டு ஓரத்தை அரம் கொண்டு மழுக்கினார். கண்ணாடியில் துளையை ஒட்டி ஓடத் தொடங்கியிருந்த விரிசலின் நுனியில் பொடித் துளை ஒன்று போட்டார். விரிசல் மேலே ஓடாமல் அங்கேயே நிற்பதற்காக. இரண்டு பக்கமும் ரப்பர், அகல வாஷர், தானாகக் கழலாத நைலான் நட்டு. ரப்பர் லேசாக அமுங்கியதும் முடுக்குவதை நிறுத்தினார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கேபிள் எதுவும் உரசவில்லை என்று பார்த்தார். முக்கால் மணி நேரம். கூலி இருநூற்றைம்பது. என் மருமகன் பேரம் பேச வாயெடுத்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்த இருநூற்றைம்பது பட்டைக்கும் நட்டுக்கும் மட்டும் இல்லை. "ஏன் உடைந்தது" என்று கேட்ட மூளைக்கு. டாக்டர் மாத்திரையே எழுதாவிட்டாலும் பீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக் நோட்டம் பார்த்துக் காரணம் சொன்னால் அதை மட்டும் இனாம் என்று நினைக்கிறோம்.

நம் வட்டாரமே இந்தக் கைகளால் வளர்ந்தது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, போல்ட் நட்டுக்கே பெயர் வாங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. இவற்றைச் சுற்றித்தான் எத்தனை லேத் பட்டறைகள்! இத்தனை இருக்கும் ஊரில் இரண்டு அங்குலக் கிளாம்புக்காக முழு செட்டையும் குப்பையில் போடுவதா?

தனி உதிரிபாகம் கிடைக்காதது தற்செயல் இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவர்கள் மேல்முறையீடு போனது வேறு கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் உரிமை கிடைத்து, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் போனால் என்ன பயன்?

"எங்களுக்கு நேரம் ஏது சார்?" என்று ஐடி பிள்ளைகள் கேட்பீர்கள். பத்து நாள் காத்திருப்பதைவிட முக்கால் மணி நேரம் குறைவுதான்.

எல்லாவற்றையும் ஒட்டுப்போடச் சொல்லவில்லை. பிரேக், ஃபோர்க், ஹேண்டில்பார், அடிபட்ட ஹெல்மெட் ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. மாற்றத்தான் வேண்டும். எது எந்த வகை என்று சொல்லவும் விஷயம் தெரிந்தவர் வேண்டுமே!

"படிக்கலேன்னா மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பிடுவேன்" என்ற வசனத்தை வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறைகளிலும் கேட்டிருக்கிறேன். வேலையைத் தண்டனையாகக் காட்டி, கூலியையும் அடித்துப் பேசினால், அடுத்த தலைமுறையில் யார் அங்கே நிற்பார்?

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, பில்லில் 'நோட்டக் கூலி' என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். கூச்சப்படாதீர்கள். மற்றவர்களே, அந்த வரிக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் பகுதியில் காரணம் கேட்டு வேலை செய்யும் பட்டறை இருந்தால் கீழே எழுதுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்