அவைச்சொல்லும் அமானிதமும்

தமிழர் வாழ்வில் தூதுக்கெனத் தனியிடம் உண்டு. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தூது என ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டினை அவைக்கென வகுத்தார். நெஞ்சையும் தமிழையுமே தூதுவிட்ட சிற்றிலக்கியங்கள் நம்மிடம் உள்ளன. இன்றைய பணியிடங்களில் தூதாகவும் அவையாகவும் ஒருங்கே விளங்குவன செய்திச் செயலிகளும் காணொலிக் கூட்டச் செயலிகளுமே ஆம். தூதுவனுக்கு இலக்கணம் வகுத்த இனத்தார், இப்புதிய தூதுவரைத் தேரும்போது மட்டும், "எல்லாரிடமும் உள்ளது, நாமும் வைத்துக்கொள்வோம்" என்ற அளவில் நின்றுவிடலாமா? இதுவே நாம் ஈண்டு எழுப்ப விழையும் வினா.

நாம் வாழும் ஊர் குமணன்சாவடி. அருகே கரையான்சாவடி, சற்று அப்பால் வேலப்பன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடிப் பேசவும் அமைந்த பொதுவிடம். அதற்குக் கூரை உண்டு. வருவாரை அறிவார் உண்டு. பேச்சு முடிந்தபின் கலைந்து செல்லும் வழக்கமும் உண்டு. புதிய சாவடிகளில் இம்மூன்றும் உளவா என்று நாம் கேட்டதில்லை. கேளாமையால் விளைந்ததை ஒளிக்காது கூறுதல் கடமை எனக் கருதுகிறோம்.

நாம் செய்த பிழை

2020 மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்பு நின்றுவிடலாகாதே என்னும் பதற்றத்தில், முதலாண்டு மாணவர் அனைவருடைய கைப்பேசி எண்களையும் திரட்டி வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை நாமே தொடங்கினோம். எவரிடமும் இசைவு கேட்டோமில்லை. ஒருவர் எண் மற்றெல்லார்க்கும் புலனாகும் என்பதை எண்ணிப் பார்த்தோமுமில்லை. சின்னாள்களில் ஒரு மாணவிக்கு நள்ளிரவில் அறியா அழைப்புகள் வரலாயின. அவர்தம் தந்தையார் நம்மை அழைத்தார். சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உங்களை நம்பித்தானே ஐயா எண்ணைக் கொடுத்தோம்" என்று மட்டும் கேட்டார். கைப்பேசி மாணவியின் கையிலிருந்து வாங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு திங்கள் அவருக்கு வகுப்பே இல்லாது போயிற்று. பிழை செயலியினுடையது அன்று, தேர்ந்தவருடையது.

அந்தத் தந்தையாரின் வினாவில் ஒரு பெருஞ்சொல் அடங்கியிருந்தது. அதுவே அமானிதம். அவையில் பேசப்படுவது அமானிதம் என்பது இசுலாமிய மரபு. கலந்தாய்தலை உயர்த்திப் பேசும் திருமறையின் 42ஆம் அத்தியாயம் 'அஷ்ஷூரா' என்றே பெயர் பெற்றது. அயல்நாட்டு மன்னர்க்கு மடல் விடுக்க நாடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முத்திரையிடாத மடலை அம்மன்னர் ஏலார் என அறிந்து, வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்வித்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. மடலுக்கு முத்திரை வேண்டும் என்னும் அறிவு நமக்குப் புதிதன்று.

முத்திரையும் உரிமையும்

இக்காலத்து முத்திரை மறையாக்கம் எனப்படும். அனுப்பியவரும் பெறுபவருமன்றி, இடைநின்று கொண்டுசெல்லும் நிறுவனமும் படிக்கவியலாதவாறு மறைப்பதே முழுமையான மறையாக்கம். வாட்ஸ்அப் 2016 முதல் இதனை அனைவர்க்கும் அளித்து வருகிறது. ஜூம் செயலியோ, இத்தகு மறையாக்கம் தன்னிடம் உண்டெனக் கூறிவந்தது. அக்கூற்று மெய்யன்று என்று அமெரிக்க நாட்டு வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2020 நவம்பரில் உடன்பாட்டிற்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, அரசு அலுவலர் அலுவற்பணிக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என நம் உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியிருந்தது. பின்னர் அந்நிறுவனம் குறைகளைக் களைந்து முழுமறையாக்கத்தையும் வழங்கியது என்பதனையும் நடுநிலையோடு கூறல் வேண்டும்.

நம் தமிழகத்து ஜோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட செயலிக்கு 'அரட்டை' என்பதே பெயர். 2025 செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் அதன்பால் மக்கள் பெருவாரியாகத் திரண்டனர். உளம் பூரித்தோம். ஆயினும், அப்பொழுது அதன் அழைப்புகளுக்கு இருந்த முழுமறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. தமிழ்ப்பெயர் கண்டு மகிழ்வது வேறு. முத்திரை உண்டா எனப் பார்ப்பது வேறு. பற்று, ஆய்வுக்கு மாற்றாகிவிடாது.

முத்திரை ஒன்றே போதுமா? போதாது. கல்லூரியின் முடிவுகள் ஆசிரியர்தம் சொந்தக் கைப்பேசிகளில் சிதறிக் கிடப்பின், நாளை ஓர் ஐயம் எழும்போது எங்கே தேடுவது? மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸ்லாக், ஜோஹோவின் கிளிக் போன்ற பணியிடச் செயலிகளில் நிறுவனமே கணக்கு வழங்கும்; பணி நீங்கியவர் கணக்கை மூடவும் இயலும்; சொந்தக் கைப்பேசி எண்ணைப் பிறர்க்குக் காட்ட வேண்டுவதில்லை. ஆனால் நிருவாகம் விரும்பின் அங்குள்ள மடல்களைப் பார்க்கக்கூடும். ஆகவே அலுவற்செய்தி அங்கும் அந்தரங்கம் பிறிதோரிடத்தும் இருத்தலே முறை. தகுதியுடைய கல்வி நிறுவனங்களுக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் அடிப்படைச் சேவையைக் கட்டணமின்றி அளிக்கின்றன என்பது ஆட்சிக்குழுவினர் கருதத்தக்கது.

எச்செயலியும் நிலைத்ததன்று என்பதும் நினைவிற்குரியது. 2003இல் பிறந்து, கடல்கடந்த உறவுகளை முகம்பார்த்துப் பேசச் செய்த ஸ்கைப், 2025 மே 5ஆம் நாளோடு மூடப்பட்டது. ஏட்டில் எழுதிய தீர்மானம் நூறாண்டு நிற்கும். செயலியில் மட்டும் இருக்கும் தீர்மானம் செயலியோடு போகும்.

கலைந்து செல்லும் உரிமை

இறுதியாக ஒன்று. சாவடியிலிருந்து கலைந்து வீடு செல்லலாம்; இப்புதிய சாவடியோ வீட்டிற்கே உடன் வருகிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் "நாளைக் காலைக்குள் தேவை" என்னும் செய்தியை அறியாத ஆசிரியர் இன்று அரியர். பணிநேரம் முடிந்தபின் தொடர்பு துண்டிக்கும் உரிமையைச் சட்டவழியே பிரான்சு 2017இலும் ஆசுதிரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொணர்ந்தன. நமக்கோ பாங்கோசையே இதனைக் கற்பிக்கிறது. அது குறித்த நேரத்தில் அழைக்கும். தொழுகை முடிந்ததும் அவரவர் வாழ்வுக்கு விடைகொடுக்கும்.

எனவே, கல்லூரியாயினும் ஜமாஅத்தாயினும் வணிக நிலையமாயினும், ஒரு செயலியை ஏற்குமுன் ஐந்து வினாக்களை எழுப்புமாறு வேண்டுகிறோம். சேர்க்கப்படுவோர் இசைந்தனரா? அவர்தம் எண் காக்கப்படுகிறதா? மடலுக்கு முத்திரை உண்டா? முடிவுகள் ஏட்டிலும் பதியப்படுகின்றனவா? எந்நேரத்திற்குப் பின் செய்தி அனுப்பலாகாது என்னும் வரையறை உண்டா? படத்தின் தெளிவும் குரலின் துல்லியமும் இவற்றிற்குப் பின்னரே எண்ணத்தக்கன.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் அலுவலகங்களில் பொறுப்பேற்பீர்கள், குழுக்களைத் தொடங்குவீர்கள். அப்பொழுது ஓர் எண்ணைச் சேர்க்குமுன் ஒரு நொடி நில்லுங்கள். அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. உங்களை நம்பிய ஒரு தந்தை இருக்கிறார். அந்நம்பிக்கையைக் காக்கும் நல்லறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!